ராத்திரியில் கரண்ட் விற்ற இன்வெர்ட்டர்: 14 மாத அனுபவம்

மோட்டார் ரீவைண்டிங் எனக்கு இருபத்திரண்டு வருஷத் தொழில். காயில் கருகிய வாசனையை வைத்தே ஸ்டார்ட்டிங் வைண்டிங் போயிருக்கிறதா, ரன்னிங் வைண்டிங் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஆனால் இப்போதெல்லாம் சின்ன மோட்டார் எரிந்தால் யாரும் கட்டக் கொண்டுவருவதில்லை, புதுசு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்து என்ன தொழில் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த 'ஸ்மார்ட் சோலார்' விளம்பரம் கண்ணில் பட்டது. ஏஜென்சி எடுப்பதற்கு முன்னால் நம் வீட்டு மாடியிலேயே போட்டுப் பார்த்துவிடுவோம் என்று வாங்கினேன். அதனால் இந்த மதிப்பீட்டைப் பாதி வாடிக்கையாளனாகவும் பாதி வியாபாரியாகவும் எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சர்வீஸ் ஏஜென்சி விஷயமாக அவர்களோடு இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிட முக்கியம், கீழே சொல்கிற குறைகளில் பாதி இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

மாடியில் 540 வாட் பேனல் பத்து. கீழே பேனல், பேட்டரி, லைன் கரண்ட் மூன்றையும் சேர்த்துக் கையாளும் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஒன்று. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி இரண்டு. சேர்த்தால் 10 யூனிட் சொச்சம் பிடிக்கும். இதுவரை எல்லாக் கம்பெனியும் தருவதுதான். இவர்கள் கூடுதலாகக் காசு வாங்குவது உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்கு. மெயின் லைனில் மாட்டிய சிடி கிளாம்ப் (கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொண்டு கரண்டை அளக்கும் வளையம்) வழியாக வீட்டுக்குள் வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் அது அளக்கும். நாளைக்கு வெயிலா மேகமா என்று இணையத்தில் பார்க்கும். நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்தையும் வைத்துக்கொண்டு, இப்போது பேட்டரியை ஏற்றுவதா, இறக்குவதா, சும்மா வைத்திருப்பதா என்று அதுவே முடிவெடுக்கும். விளம்பரத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகம். 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு வெளியிட்ட வேதியியல். அவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது லித்தியம் அயனி பேட்டரிகளுக்கான மொத்த உழைப்புக்காக. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாததால் மலிவு. சூடு தாங்கும், மற்ற லித்தியம் ரகங்கள் மாதிரி சட்டென்று தீக்குள் போகாது. எடை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சுவரில் மாட்டிய பிறகு யார் தூக்கப்போகிறார்கள்? 14 மாதத்தில் தினமும் ஏறி இறங்கியும் ஆப் காட்டும் ஆரோக்கியம் 98 சதவீதம். கரண்ட் போனால் பேக்கப் லைனுக்கு மாறுவது கண்ணுக்கே தெரிவதில்லை. மகள் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டே இருப்பாள், தெரு விளக்கு அணைந்ததைப் பார்த்துதான் கரண்ட் போனது எங்களுக்கே தெரியும்.

பேனலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வாங்குகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: 5.4 கிலோவாட் போட்டேனே, 4.6-க்கு மேல் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது? பேனல் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, பேனலுக்குள் இருக்கும் சோலார் செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது எடுத்தது. உச்சி வெயிலில் செல் சூடு 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் காலி. கணக்கு சரியாக 4.6-ல் வந்து நிற்கும். என் வீட்டில் ஒரு நாளின் அதிகபட்சம் வந்தது கொளுத்தும் கோடையில் இல்லை. முந்தின இரவு மழை பெய்து, காற்றடித்து, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த ஒரு நாளில். விற்கும்போது இதை ஒரு வரி சொல்லியிருந்தால் கஸ்டமர் கேருக்கு வரும் போன் பாதியாகக் குறையும்.

இனி அந்தப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டின முதல் வாரம் ஆப்பைப் பார்ப்பதே பொழுதுபோக்காக இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. காலையில் பேட்டரி நன்றாக ஏறுகிறது. பதினொன்றரைக்கெல்லாம் நூறு சதவீதம். அதற்கப்புறம் வெயில் சுள்ளென்று காய்கிற நேரத்தில் பேட்டரி இறங்க ஆரம்பிக்கிறது. பொழுது சாய்வதற்குள் பத்து சதவீதம்தான் மிச்சம். ராத்திரி முழுக்க வீடு ஓடுவது லைன் கரண்டில். மாதக் கடைசியில் பில்லும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

கஸ்டமர் கேரில் பேசினேன். "ஆப்பை அப்டேட் பண்ணுங்க சார்" என்றார்கள். பண்ணினேன். "பெட்டி உங்கள் வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆகும் சார்." காத்திருந்தேன். அடுத்து ஒருவர், "உங்கள் வீட்டில் லோடு அதிகம் சார்." மூன்று வாரம் இப்படியே போனது.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி. என் மனைவி மிக்ஸியை ஓட்டினாள். தற்செயலாக ஆப் திறந்திருந்தது. 'வெளியே விற்பனை: 800 வாட்' என்று பச்சை நிறத்தில் மின்னியது. மிக்ஸியை நிறுத்தியதும் எண் இறங்கியது. "திரும்ப ஓட்டு" என்றேன், திரும்ப ஏறியது. சூரியன் இல்லை, பேட்டரி காலி, நான் எங்கிருந்து விற்கிறேன்? மிக்ஸி ஓட்டி வருமானம் பார்க்கிற முதல் ஆள் நீங்கதான் என்று அவள் சிரித்தாள்.

டார்ச் எடுத்துக்கொண்டு மீட்டர் போர்டுக்குப் போனேன். சிடி கிளாம்பின் முதுகில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். கரண்ட் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட. மாட்டின தம்பி அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார். அவ்வளவுதான். வாங்குவதை விற்பதாகவும், விற்பதை வாங்குவதாகவும் பெட்டி படித்துக்கொண்டிருந்தது. பேட்டரி நிறைந்த பிறகு பேனலில் மிஞ்சியது லைனுக்குப் போகும். பெட்டிக்கு அது 'வீட்டுக்குக் கரண்ட் போதவில்லை' என்று தெரியும். உடனே பேட்டரியைத் திறந்துவிடும். அதுவும் லைனுக்கே போகும். போகப் போக இன்னும் போதவில்லை என்று தோன்றும், இன்னும் திறக்கும். மூளை இருந்ததால் வந்த வினை இது. மூளை இல்லாத பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை இப்படி வாரி இறைத்திருக்காது.

கிளாம்பைக் கழற்றித் திருப்பி மாட்ட இரண்டு நிமிஷம். மறுநாளிலிருந்து பேட்டரி ராத்திரிக்குத் தங்கியது.

சூரியன் இல்லாத நேரத்தில், பேட்டரி இறங்காதபோது ஒரு வீடு கரண்ட் விற்கிறது என்றால் ஏதோ தப்பு என்று கண்டுபிடிக்க செயற்கை நுண்ணறிவு எதற்கு? நாலு வரி நிரல் போதும். அதுவே ஒரு எச்சரிக்கை அனுப்பியிருக்கலாம். தினமும் காலையில் 'இன்று நீங்கள் காப்பாற்றிய மரங்கள்' என்று செய்தி அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது.

அடுத்த சண்டை தண்ணீர் மோட்டாரோடு. ஒன்றரைக் குதிரைத்திறன். ஓடும்போது ஒன்றரைக் கிலோவாட்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு வரை இழுக்கும். லைன் கரண்டில் அது பெரிய விஷயமே இல்லை. பேக்கப்பில் ஓடும்போது 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று விழுந்துவிடும், வீடே இருட்டு. இது என் தொழில் என்பதால் எனக்கு ஒரு மதிய வேலை: மோட்டாரை பேக்கப் லைனிலிருந்து பிரித்து, பெட்டியோடு வந்த ரிலேயில் (பெட்டி சொன்னால் தானாக ஆன்-ஆஃப் ஆகும் சுவிட்ச்) கோத்து, பேனலில் 3 கிலோவாட்டுக்கு மேல் வரும்போது மட்டும் ஓடும்படி வைத்துவிட்டேன். இப்போது தொட்டி பதினோரு மணிக்குத் தானாக நிரம்புகிறது, பேட்டரியைத் தொடுவதே இல்லை. இந்த ஒரு அமைப்புக்காகவே பெட்டிக்கு மார்க் போடலாம். ஆனால் விற்றவர்கள் இதைச் சொல்லவே இல்லை. ரிலே அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தது.

இணையம் பற்றி. வைஃபை ரவுட்டர் பேக்கப் லைனில் இல்லாவிட்டால், கரண்ட் போன நேரத்தில், அதாவது ஆப் உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில், ஆப் குருடு. அதை நாமே மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது அவர்களுடைய சர்வர். ஒரு முறை இரண்டு நாள் படுத்துவிட்டது. இன்வெர்ட்டர் ஓடியது, ஆனால் கடைசியாகச் சொன்ன கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடியது. அந்தக் கட்டளை 'மேகம் வருகிறது, பேட்டரியை இறக்காதே' என்பது. இரண்டு நாளும் நல்ல வெயில்! நேரடியாக இன்வெர்ட்டரில் போய் மாற்றலாம் என்றால், அந்தப் பக்கத்துக்கு இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு கேட்கிறது. அது மாட்டினவர்கள் கையில். அவர்கள் போனை எடுக்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி வேறொருவர் சட்டைப் பையில். வாங்கும் நாளே அந்தப் பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியபின் மாற்றியும் விடுங்கள்.

மார்க் என்று கேட்டால்: பேட்டரி, இன்வெர்ட்டருக்கு ஐந்துக்கு நாலரை. மென்பொருளுக்கு மூன்று. மாட்டிக் கொடுத்ததற்கும் பின்னால் வந்த சேவைக்கும் ஒன்றரை, அந்த அரையும் கடைசியில் பேசிய ஒரு பெண் பொறுமையாகக் கேட்டதற்காக.

சரி, இதில் எனக்குத் தொழில் இருக்கிறதா?

பேனல் விற்கும் தொழிலில் இறங்குவதாக இல்லை. 2010-லிருந்து 2023-க்குள் பெரிய சோலார் நிலையங்களில் ஒரு யூனிட் உற்பத்திச் செலவு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிட்டது என்று சர்வதேச புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்கு சொல்கிறது. விலை இந்த வேகத்தில் விழுகிற சரக்கைக் கடையில் அடுக்கி வைத்தால், விற்பதற்குள் நஷ்டம். வாடிக்கையாளருக்குத்தான் கொண்டாட்டம்.

காசு இருப்பது வேறு இடத்தில். கரண்ட் மதியத்தில் குவிகிறது, தேவை சாயங்காலம் எகிறுகிறது. கலிஃபோர்னியாவின் மின்தொகுப்பு நிர்வாகம் 2013-ல் இதை ஒரு வரைபடமாகப் போட்டது; பார்க்க வாத்து மாதிரி இருந்ததால் வாத்து வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாத்தின் வயிறு மதியம், கழுத்து சாயங்காலம். வயிற்றிலிருந்து எடுத்துக் கழுத்துக்குக் கொடுப்பவருக்குக் காசு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-ல் ஓட ஆரம்பித்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, தொடக்கத்தில் 100 மெகாவாட், சம்பாதித்ததில் பெரும்பங்கு மின்தொகுப்பின் அதிர்வெண் ஆடும்போது நொடிக்குள் பிடித்து நிறுத்தும் சேவைக்காக. அதே வேலையை ஆயிரம் வீட்டுப் பேட்டரிகளை மென்பொருளில் கோத்தும் செய்யலாம். மெய்நிகர் மின்நிலையம் என்கிறார்கள். அதை நடத்தப் பெரிய கம்பெனி வேண்டும், நான் இல்லை. ஆனால் அந்த ஆயிரம் வீட்டில் நூறு வீட்டு சிடி கிளாம்ப் தலைகீழாக இருந்தால் அந்தப் பெரிய கம்பெனியின் கணக்கே தலைகீழ். அங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது.

2023 இறுதியில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் உலகத்தின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை 2030-க்குள் மூன்று மடங்காக்க ஒப்புக்கொண்டார்கள். 11,000 கிகாவாட் என்பது அதற்கான இலக்கு எண். அவ்வளவையும் மாட்ட அவசர அவசரமாக ஆள் எடுப்பார்கள். அவசரமாக மாட்டியதைச் சரிசெய்ய இன்னொரு கூட்டம் வேண்டும். பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள், மாட்டிக் கொடுத்த கம்பெனி 25 வருஷம் இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கடை மூடிப்போன கம்பெனியின் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் ஏற்கெனவே என்னைத் தேடி வந்துவிட்டார்கள், பாஸ்வேர்டு இல்லாமல்.

அதனால் ஏஜென்சி தரும் கம்பெனியிடம் நான் கேட்டிருப்பது கமிஷன் இல்லை. பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் மாட்பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி) பதிவேட்டுப் பட்டியல், இன்ஸ்டாலர் அனுமதி, உதிரி ஃபேனும் ரிலேவும். வருஷச் சந்தாவில் வீடு வீடாக ஆப் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, எந்த வீட்டுப் பேனலில் தூசு, எந்த வீட்டில் மூன்றரை மணிக்குத் தொட்டி நிழல் விழுகிறது, யாருடைய பேட்டரி ஒழுங்காகத் தூங்கவில்லை என்று நானே போன் செய்வேன். பதில் இன்னும் வரவில்லை.

முந்தாநாள் பழைய மோட்டார் வாடிக்கையாளர் ஒருவர், வேறு கம்பெனி செட் போட்டவர், பில் குறையவே இல்லை என்று புலம்பினார். "ராத்திரி எட்டு மணிக்கு மிக்ஸியை ஓட்டிவிட்டு ஆப்பைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணே" என்றேன். எட்டேகாலுக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. 'வெளியே விற்பனை: 740 வாட்.'