இரண்டு சர்வர்களின் வாடிக்கையாளர் பட்டியலை ஒன்றாக்கியபின்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

இராமநாதபுரத்தில் தலைமைக் கடையும் இராமேசுவரத்தில் கிளையும் வைத்து, படகு எஞ்சின் உதிரிபாகங்களும் நீரிறைக்கும் பம்புகளும் விற்கும் ஒரு நிறுவனத்தின் கணினி வேலைகளை நான் கவனித்து வருகிறேன். பாம்பனுக்கு அப்பால் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்த காலத்தில் தீவுக் கிளைக்கென்று தனி சர்வர் வைத்து, இரண்டு இடத்திலும் வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சூட் சிஆர்எம் மென்பொருளைத் தனித்தனியே நிறுவியிருந்தோம். இணைப்பு சீரானபின் இரண்டையும் ஒன்றாக்கினோம். அதன்பின் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள் கடந்துவிட்டன. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் டேட்டாபேஸின் அட்டவணைகளை நகர்த்துவதற்குக் குறைந்த நாட்களையும், இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவையா என்று தீர்மானிப்பதற்கு மிக அதிக நாட்களையும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

2013-இல் சுகர் சிஆர்எம்மின் இலவசப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்த சூட் சிஆர்எம், ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் கொடுக்காமல், 36 எழுத்து நீளமுள்ள தனி அடையாளக் குறியீட்டை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே இரண்டு சர்வர்களில் உருவான பதிவுகளை ஒரே அட்டவணையில் கொட்டினாலும் அடையாளங்கள் மோதுவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. நிறுவும்போது உருவாகும் நிர்வாகிக் கணக்கின் அடையாளம் எங்கும் வெறும் 1 தான். அதை முதலில் மாற்றாவிட்டால், தீவுக் கிளையின் நிர்வாகி உருவாக்கிய பதிவுகள் யாவும் தலைமைக் கடை நிர்வாகியின் பெயரில் வந்து நிற்கும். புகார்ப் பதிவுகளின் எண் தானாகக் கூடிச் செல்வது. அதே எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது. நாமே சேர்த்த புலங்கள் (பதிவில் ஒவ்வொரு விவரத்தையும் நிரப்பும் இடங்கள்) தனி அட்டவணையில் இருப்பதால், அவற்றை இரண்டு பக்கமும் ஒரே பெயரில் உருவாக்கி, இரண்டு சர்வர்களையும் ஒரே பதிப்புக்கு உயர்த்தியபிறகே தரவைத் தொட வேண்டும். இவ்வளவுதான் இயந்திரத்தின் பங்கு.

எங்கள் கடற்கரையில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு சர்வரிலும் இருப்பது இயல்பு. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும்போது, நாட்டுப்படகுக்காரர்களில் பலர் மன்னார் வளைகுடாப் பக்கம் போய்த் தொழில் செய்வார்கள். காற்று மாறியதும் திரும்புவார்கள். எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கத்துக் கடையில் பொருள் வாங்குவார்கள். அவர்களைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. முனியசாமி, அந்தோணி, சீனி முகமது ஆகிய பெயர்களில் ஊருக்குப் பலர் உண்டு. போதாததற்கு, கல்லாவில் இருப்பவர்கள் அவசரத்தில் ‘ஏர்வாடி அண்ணன்’, ‘பெரியபட்டினம் பாய்’ என்றே பெயர்ப் புலத்தை நிரப்பியிருந்தார்கள். பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பெயர்களில் ஒகர உயிர்மெய்யின் குறி ஒன்றாக இல்லாமல் இரு துண்டாகப் பதிந்திருந்ததால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த ‘கொ’ கணினிக்கு வேறாக இருந்தது. ஒரே எழுத்து வெவ்வேறு விதமாகப் பதிந்திருப்பதை ஒன்றாக்கும் யூனிகோடு சீர்மைப்படுத்தலை ஒருமுறை ஓட்டியதும் இது சரியாயிற்று.

தொலைபேசி எண்ணை நம்பலாம் என்றால் அதிலும் சிக்கல். கைபேசி எண்களின் முன் இருந்த 0, 91 ஆகியவற்றை நீக்கிப் பத்து இலக்கமாக்குவது சுலபம். பழைய தரைவழி எண்கள் அப்படியல்ல. தீவில் 04573-உம் இராமநாதபுரத்தில் 04567-உம் குறியீடு என்பதால், உள்ளூர் எண்ணை மட்டும் பதிந்திருந்த இடங்களில், இணைப்பதற்கு முன்பே அந்தந்த சர்வரின் குறியீட்டை ஒட்டிவிட வேண்டியிருந்தது. கலந்தபிறகு எந்த எண் எந்த ஊருடையது என்று சொல்ல யாராலும் முடியாது. இதைவிடப் பெரிய சிக்கல், விசைப்படகுக்கு உதிரிபாகம் கேட்டு அழைப்பவர் பெரும்பாலும் உரிமையாளர் அல்லர், டிரைவர் என்பது. ஒரு சர்வரில் அவர் எண் உரிமையாளரின் பெயரின்கீழ் இருந்தது. மற்றதில் அவரே தனி வாடிக்கையாளர். அடுத்த ஆண்டு அவர் வேறு படகுக்குப் போயிருப்பார்.

படகின் பதிவெண் இதைவிட உறுதியானது. இந்த மாவட்டத்து விசைப்படகுகள் பலவற்றுக்கு ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் எண் உண்டு. ஆனால் படகு கைமாறினால் எண் படகோடு போகும், பழைய உரிமையாளரின் பாக்கி அவரோடு நிற்கும். எனவே பதிவெண், கைபேசி எண், பெயர் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தினால்தான் இணைப்பது என்று விதி வைத்தோம். ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிகளுக்கு அந்த ஒன்றே போதும். படகுக்காரர்களில் பலரிடம் அது இல்லை. பெயரின் ஒற்றுமையைக் கொண்டு தானாகவே இணைத்துத் தருவதாக ஓர் ஏஜென்சி முன்வந்தது. ஒருவரின் பாக்கி இன்னொருவர் தலையில் விழும் வழி அது என்று மறுத்துவிட்டோம். மென்பொருளிலேயே உள்ள இணைப்பு வசதி, ஒரு பதிவை முதன்மையாக்கி, மற்றதன் தொடர்புகளை அதற்கு மாற்றிவிட்டு, மற்றதை அழித்ததாகக் குறிக்கிறது. ஒரே சொடுக்கில் அதைப் பின்வாங்க வழியில்லை; ஆதலால் மூலச் சர்வர், பழைய வாடிக்கையாளர் எண் ஆகிய இரண்டு புலங்களை எல்லாப் பதிவிலும் முன்கூட்டியே சேர்த்தது, செய்தவற்றில் மிகப் பயன்பட்ட காரியம். தவறாக ஒட்டிய ஓரிரு கணக்குகளைப் பின்னர் பிரிக்க முடிந்தது அதனால்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கடை ஓய்வாக இருக்கும், அப்போதே இந்த வேலையை முடிக்கலாம் என்று வெளியூர் நண்பர்கள் சொல்வதுண்டு. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் அந்த 61 நாட்களில்தான் எங்களுக்கு விற்பனை அதிகம். ஆகவே நாங்கள் மாற்றத்தை வேறு மாதத்தில் செய்தோம். இன்று தீவில் வாங்கியவரின் பழைய பாக்கி தலைமைக் கடையில் தெரிகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு கடன் வரம்பு என்ற நிலை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. சந்தேகத்துக்குரியவை என்று தனியே குறித்த பதிவுகள் இன்னும் தீரவில்லை. அந்த ஆள் கடைக்கு நேரில் வரும்போது ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கிறோம். புயல் எச்சரிக்கை நாட்களில் இணைப்பு போனால் தீவுக் கிளை பழையபடி கையால் பில் எழுதுகிறது. மாலையில் பதிவேற்றுவதால் நேரம் மாறி விழுகிறது, அதைச் சகித்துக்கொள்ளலாம்.

பழைய தீவுச் சர்வரின் முழு பேக்கப்பை மட்டும் இப்போதைக்கு அழிப்பதாக இல்லை. அன்றைய பில்களில் அச்சானவை பழைய வாடிக்கையாளர் எண்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், அந்தக் காலம் முடியும்வரை அது அலமாரியில் இருக்கும்.