ஒருநாள் பூனைக் கருத்தடை: சத்திரசிகிச்சை சரி, துண்டுச்சீட்டு போதாது

வவுனியாவில் ஒரு மிருக வைத்திய நிலையத்தில் நடக்கும் ஒருநாள் பூனைக் கருத்தடைச் சேவை பற்றியது இது. காலையில் பூனையைக் கொடுத்தால் பின்னேரம், மயக்கம் பாதி தெளிந்த நிலையில் திரும்பத் தருகிறார்கள். வேலை சுத்தம். பெட்டைக்குச் சூலகம் இரண்டையும் கருப்பையையும் எடுத்துவிட்டு, கரையும் நூலால் தோலுக்குள் தைக்கிறார்கள். அதனால் துணுக்காயிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வருகிறவர்கள் தையல் பிரிக்க மறுபடி ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. தூரத்து ஆட்களுக்கு இது பெரிய உதவி. கடுவனுக்குத் தையலே இல்லை. விதைப்பையில் போடும் சின்னக் கீறல் தானாக மூடிக்கொள்ளும்.

குறை எல்லாம் கையில் தரும் சீட்டில்தான். அதில் மூன்றே வரி: இன்றிரவு சாப்பாடு குறைவாக, காயம் நனையக்கூடாது, வீங்கினால் கொண்டுவரவும். அடுத்த இரண்டு மாதத்தில் பூனையின் குணம் எப்படி மாறும் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆட்கள் பயப்படுவதும் பிழை விடுவதும் அங்கேதான்.

முதல் பயம் அன்றிரவே வரும். கெற்றமின் என்ற மயக்க மருந்தில் பூனை கண்ணை மூடாது. கருமணி முழுவட்டமாக விரிந்திருக்க, தலை இடமும் வலமும் ஆட, இல்லாத பூச்சியைப் பார்ப்பதுபோல வெறித்தபடி மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும். பின்னங்கால் இழுபடும். இது வாதமல்ல, மருந்து இன்னும் இறங்கவில்லை. இருட்டறையில், நிலத்தில் சாக்கும் அதன்மேல் துவாயும் விரித்து விடுங்கள். கட்டிலில் ஏற்றினால் விழும். நேராக நடந்த பிறகே சாப்பாடு, அதுவும் வழக்கத்தின் கால்வாசி. நோகுமே என்று பனடோலில் துண்டு உடைத்துக் கொடுக்கவே வேண்டாம். அதைச் செயலிழக்கச் செய்யும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அரைக் குளிசையே உயிரை எடுக்கலாம். காயத்தில் டெற்றோலும் கூடாது, நக்கினால் நஞ்சு.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் வந்ததைப் பார்த்துச் சீறும். பகையில்லை, ஆஸ்பத்திரி மணம். ஒன்றிரண்டு நாள் வேறு அறையில் வைத்து, ஒன்று படுத்த துவாயை மற்றதற்குப் போட்டு மாற்றினால் அடங்கிவிடும்.

பெட்டையின் மாற்றம் விரைவு. இராப்பகலாகக் கத்துவதும், நிலத்தில் உருண்டு பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுவதும் ஒன்றிரண்டு கிழமைக்குள் நின்றுவிடும். சில மாதம் கழித்து அதே கத்தல் திரும்பினால், சூலகத்தில் ஒரு துண்டு உள்ளே மிஞ்சியிருக்கலாம். அடங்கட்டும் என்று பார்த்திராமல் கத்துகிற நாளிலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள். பரிசோதனையில் இலகுவாகப் பிடிபடுவது அப்போதுதான்.

கடுவனுக்குத்தான் பொறுமை வேண்டும். ஆண் ஓமோன் சில நாளிலேயே விழுந்துவிடும், பழக்கமோ மெல்ல மெல்லத்தான் போகும். ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையக் கிழமைகள், சிலதுக்கு மாதங்கள் எடுக்கும். விந்துக் குழாயில் மிஞ்சிய விந்தால் நாலைந்து கிழமைக்கு அது இன்னும் குட்டி உண்டாக்கக்கூடும். இதைச் சீட்டில் எழுதாமல் விட்டது இந்தச் சேவையின் ஆகப் பெரிய பிழை. அந்தக் காலம் முழுக்கக் கருத்தடை செய்யாத பெட்டைகள் பக்கம் விடாதீர்கள். படலைத் தூணிலும் மோட்டார்சைக்கிள் சில்லிலும் பீய்ச்சி அடிப்பது பத்துக் கடுவனில் ஒன்பதுக்குக் குறையும், ஒன்று தொடரும். அடித்த இடத்தை அமோனியா நெடியுள்ள திரவத்தால் கழுவினால் மறுபடி அங்கேயே அடிக்கும். உடுப்புத் தோய்க்கும் தூளைக் கரைத்துக் கழுவுங்கள். ஆனால் அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுக்கூட வராமல் கத்தினால் அது பழக்கமல்ல, மூத்திர அடைப்பு. விடியட்டும் என்று காத்திருந்தால் பூனை தப்பாமல் போகலாம்.

இரண்டுக்கும் பொதுவானது பசி. உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறக்குறையக் கால்வாசி குறைய, பசியோ கூடும். நாளுக்கு 60 கிராம் உலர்தீன் கொடுத்தவர்கள் 45 ஆக்கலாம். சோறும் மீனும் என்றால் சோற்றைக் குறையுங்கள், மீனில் கை வைக்க வேண்டாம். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும்.

“நலமடிச்ச பூனை எலி பிடியாது” என்பது வன்னியில் சேவைக்குப் போகவிடாமல் தடுக்கும் பேச்சு. நலமடித்த எருது வண்டி இழுக்காமலா விட்டது? எலி வேட்டை பாலியல் ஓமோனைப் பொறுத்த குணமல்ல. நெல்மூட்டை அடுக்கிய வீட்டில் அது முன்போலவே எலிக்குக் காத்துக் கிடக்கும், வளவை விட்டுத் தூரம் போகாதது இன்னும் வசதி. கொழுத்துவிட்டால்தான் பாய்ச்சல் குறையும்.

போகிறவர்கள் கவனிக்க இரண்டு விசயம். முதல்நாள் இரவிலிருந்து பட்டினி என்று எல்லாருக்கும் ஒரே பாட்டாகச் சொல்கிறார்கள். வளர்ந்த பூனைக்கு அது சரி, தண்ணீர் காலைவரை வைக்கலாம். நாலு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் பட்டினி ஆகாது, இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். எத்தனை மணிக்குச் சத்திரசிகிச்சைக்கு எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மற்றது, உரப்பையில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். வெக்கையில் பூனை நாயைப்போல வாயைத் திறந்து இளைத்தால் ஆபத்து. பிளாஸ்ரிக் மரக்கறிக் கூடை இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்து நாலு பக்கமும் கயிற்றால் கட்டி, மேலே ஈரச் சாரம் ஒன்றைப் போட்டு, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். திரும்பும்போது அந்தச் சாரம் காய்ந்திருக்க வேண்டும், மயக்கத்தில் இருக்கும் பூனைக்குக் குளிர் கூடாது.