லாங்வுட் சோலை காலை நடை: கொடுத்த காசுக்குக் கண் நிறைய வேலை

கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் பறவை காட்டக் கூட்டிப்போகும் உள்ளூர் வழிகாட்டிகள் உண்டு. அவர்களில் ஒருவருடன் போய்வந்தோம். ஆளுக்கு 500 ரூபாய். காலை ஆறரைக்குத் தொடக்கம், வனத்துறை அனுமதியை அவரே பார்த்துக்கொள்கிறார். நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். கவனம், உணர்ச்சி, நினைவு என்று வகுப்பில் வாய் வலிக்கச் சொல்வதையெல்லாம் இந்த மனிதர் ஈரச் சருகில் நின்றுகொண்டு செய்தே காட்டிவிட்டார்.

முதல் காரியமாக போனைப் பைக்குள் வைக்கச் சொன்னார். "அக்கா, ஒரு மணி நேரம் கண்ணால பாருங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க." என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வழிகாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவை நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. போனை வெளியே எடுக்கும் நேரம் வந்ததும் வழிகாட்டி சொன்னது என்ன தெரியுமா? "மரத்தை எடுக்காதீங்க, பட்டையில இருக்கிற பாசியை எடுங்க."

பறவை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் நடந்தோம். ஓரிடத்தில் குத்தவைத்து உட்காரச் சொல்லி, "முழங்காலுக்கு மேல பார்க்காதீங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் பெரணிக் காம்பு ஒன்று லேசாக ஆடியது. உடம்பெல்லாம் ஆரஞ்சு, தலையும் இறக்கையும் கறுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத ஈப்பிடிப்பான். பளிச்சென்ற நிறம், கைக்கெட்டும் தூரம், அப்படியும் அவர் சொல்லும்வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. சைமன்ஸும் சாப்ரிஸும் 1999-இல் செய்த சோதனையும் இதுதான். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நடுவே கொரில்லா வேஷத்தில் நடந்துபோன ஆளைப் பார்க்கவே இல்லை.

குழந்தைகளுக்கு அவர் வைத்திருந்த பந்தயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரஞ்சு நிறக் காளானை முதலில் காட்டுகிறவருக்கு ஒரு பொட்டலம் வர்க்கி. வர்க்கி கைக்கு வந்து, தின்றும் முடிந்த பிறகு, என் மகள் கண்ணில் ஆரஞ்சாகவே பட்டுக்கொண்டிருந்தது: உதிர்ந்த இலை, யாரோ போட்ட மிட்டாய்க் காகிதம், எதிரே வந்தவர் ஸ்வெட்டர். ஒரு நிறத்துக்குப் பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசை நிறுத்தியும் அது கண்ணை இழுக்கும் என்று 2011-இல் ஆண்டர்சன் குழுவினர் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நான் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், கண்ணெதிரே நடந்து பார்த்தது இப்போதுதான்.

திரும்பும்போது தேயிலைத் தோட்ட ஓரத்தில் ஒரு காட்டெருமை. வழிகாட்டி கையை நீட்டி எங்களைத் தடுத்து, சத்தமில்லாமல் பின்னால் நகர்த்தினார். அந்த நிதானத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். தார்ச்சாலைக்கு வந்ததும், "பக்கத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். கொம்பின் வளைவையும், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்களையும் எல்லோரும் அப்படியே சொன்னோம். பக்கத்தில் இருந்தது வேலியா மரமா என்பதில் ஆளுக்கொரு பதில். பயம் கண்ணை ஒரே இடத்தில் கட்டிப்போட்டுவிடுகிறது. துப்பாக்கி நீட்டும் ஆளின் படத்தைக் காட்டினால் பார்வை துப்பாக்கியிலேயே நின்று, ஆளின் முகம் சரியாக நினைவில் பதிவதில்லை என்று எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் 1987-இல் எழுதினார்கள்.

குறையும் உண்டு. நடை முடிந்த கையோடு ஒரு தேயிலைக் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார்கள். சாக்லேட், தைலம், டீத்தூள் என்று அரை மணி நேரம் ஓடியது. காலையில் பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டிய நேரம் அது. அடுத்து, பத்துப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, பின்னால் நிற்பவர்களுக்கு அவர் பேச்சு கேட்பதில்லை.

முழுக்கால் சட்டை போட்டுப் போங்கள், மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த நடை நீளம். மற்றபடி, ஊட்டி வரை வந்தும் போன் திரை வழியாகவே ஊரைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர்கள் பெயரைக் கொடுங்கள்.