சித்திரை முதல் நாள் மாங்காய் பச்சடி: வெல்லத்தைக் குறைக்க எந்த வழி தேறும்?

வருடப் பிறப்பு இலையில் மாங்காய் பச்சடிக்கு ஒரு கரண்டி இடம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு கரண்டி லேசுப்பட்டதில்லை. தோலும் கொட்டையும் போக 350 கிராம் துண்டுக்கு வழக்கமான கைப்பக்குவத்தில் 200 கிராம் வெல்லம் போகிறது. அது எட்டுப் பேருக்கு வரும். நூறு கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய 85 கிராம் சர்க்கரைதான். ஆக, ஆளுக்கு 21 கிராம். வெளியிலிருந்து சேரும் சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டி. பச்சடியிலேயே அது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பாயசம் இனிமேல்தான் வரப்போகிறது.

குறைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, வெல்லத்துக்குப் பதிலாக என்ன போடலாம் என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இவ்வளவு வெல்லம் ஏன் தேவைப்பட்டது? காயின் புளிப்பை அடக்கத்தான். புளிப்பு குறைந்த காயை வாங்கினால் வெல்லம் தானாகப் பாதியாகும். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு இதில் வசதி அதிகம். புளிப்பு மட்டான பெங்களூரா இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது.

கீழே உள்ள எல்லா வழிக்கும் ஒரே அளவு: 350 கிராம் துண்டு, எட்டுப் பேர். பச்சைக் காயில் இருக்கும் கொஞ்ச நஞ்சச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் பொது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

பெங்களூராவா, நாட்டுக் காயா?

பெங்களூரா என்றாலும் கிளிமூக்கு என்றாலும் ஒன்றுதான். நுனி கிளியின் மூக்குபோல் வளைந்திருக்கும். சதை கெட்டி, நார் கம்மி, புளிப்பு மிதம். அரை கிலோ வாங்கினால் 350 கிராம் துண்டு கிடைக்கும். இதற்கு 90 கிராம் வெல்லம் போதும். ஆளுக்குச் சுமார் 9.5 கிராம் சர்க்கரை. வழக்கத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, ருசியில் ஒன்றும் குறையவில்லை.

ஆனால் பெங்களூரா என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மாங்காயில் புளிப்பு பிஞ்சிலிருந்து ஏறிக்கொண்டே போய், காய் முற்ற ஆரம்பித்த பிறகுதான் இறங்கும். சித்திரைக் காற்றுக்கு உதிர்ந்த காய்கள் சந்தையில் மலிவாகக் குவியும் சமயம் இது. அவற்றில் பாதி முற்றாதவை. கடைக்காரரிடம் ஒரு காயை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கத்தி கொட்டையோடு சேர்த்து வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது பிஞ்சு. புளிக்கும், துவர்க்கவும் செய்யும். கத்தி கொட்டையில் தட்டி நிற்க வேண்டும். கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையாக இல்லாமல் லேசாக மஞ்சள் ஓடியிருந்தால் அதுதான் பச்சடிக்கு வாகான காய். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையானாலும் காவேரிப்பட்டினம் சாலையோரக் குவியலானாலும் இந்த ஒரு சோதனை போதும்.

நாட்டுக் காய்க்கு வாசனை அதிகம். அதை மறுப்பதற்கில்லை. புளிப்பும் அதே அளவுக்கு அதிகம், 200 கிராம் வெல்லம் கேட்பது இதுதான். வீட்டு மரத்துக் காயை விட மனமில்லையென்றால் புளிப்பைக் கழற்ற இரண்டு வழி இருக்கிறது. மெல்லிய துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். புளிப்பில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். கூடவே வைட்டமின் சி-யும் கொஞ்சம் வாசனையும் போகும். இப்படிச் செய்தால் 140 கிராம் வெல்லத்தில் நிறுத்தலாம், ஆளுக்கு 15 கிராம் சர்க்கரை.

இன்னொரு வழி சோடா உப்பு. சிட்டிகை போட்டால் புளிப்பு சட்டென்று அடங்கும் என்பது உண்மை. போட்ட இடத்தில் நுரைத்துக்கொண்டு மஞ்சள்தூள் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக மாறும். கலக்கியதும் மறுபடி மஞ்சளாகிவிடும். மாறாமல் சிவப்பு அப்படியே நின்றால் சோடா அதிகமாகிவிட்டது, பச்சடி சோப்பு வாடை அடிக்கும், அதற்குப் பிறகு வெல்லம் கொட்டினாலும் மீட்க முடியாது. அளவு பிடிபடாதவர்களுக்கு இந்த வேலை வேண்டாம்.

பழத்தைக் கலப்பது

200 கிராம் பச்சைக் காய், 150 கிராம் பழுத்த சதை, 40 கிராம் வெல்லம். நூறு கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை. பழத்திலிருந்து 21, வெல்லத்திலிருந்து 34. ஆளுக்கு 7 கிராம். சர்க்கரை மாற்றுப் பொருள் எதுவும் இல்லாமல் கிடைக்கும் மிகக் குறைந்த அளவு இதுதான். நிறமும் பிரமாதமாக வரும்.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. ஏப்ரல் 14-க்கு உள்ளூர்ப் பழம் சரியாக வந்திருக்காது. பெங்களூரா பழுக்க வைகாசி, ஆனி ஆகும். செந்தூரா கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பளபளவென்று மஞ்சளாக, காம்படியில் வாசனையே இல்லாமல் கிடைப்பது கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது நாட்டில் தடை செய்யப்பட்டது. அது மட்டுமில்லாமல், முற்றாத காயை அப்படிப் பழுக்க வைத்தால் தோல்தான் மஞ்சளாகுமே தவிர உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. நாம் பழம் சேர்ப்பதே அந்த இனிப்புக்காகத்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றனவே, டின் கூழ் வாங்கிக் கலக்கலாமே என்று தோன்றும். கலக்கலாம், லேபிளைப் படித்துவிட்டு. பெங்களூரா கூழில் சர்க்கரை சேர்த்தும் விற்கிறார்கள், சேர்க்காமலும் விற்கிறார்கள். சில்லறைக் கடை டின்களில் சர்க்கரை சேர்த்தது அதிகம். பொருட்பட்டியலில் சர்க்கரை என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெல்லத்தைக் குறைத்து அந்தப் பக்கம் சீனியை ஊற்றிய கதையாகிவிடும். சர்க்கரை சேர்க்காத கூழ் 150 கிராம், பழச் சதைக்குச் சமம். துண்டுகள் வெந்த பிறகு ஊற்றுங்கள், முன்னாலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் தாதுச் சத்து கொஞ்சம் கூட இருக்கலாம். சர்க்கரை அளவு ஏறக்குறைய வெல்லத்தின் அளவுதான். 90 கிராமுக்கு 90 கிராம் மாற்றினால் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. கருப்பட்டி நிறத்தைக் கருக்கி, மாங்காய் வாசனையையும் அமுக்கிவிடும். "கருப்பட்டி போட்டது, சுகர்காரங்களும் சாப்பிடலாம்" என்று பரிமாறுவது தவறு.

பேரீச்சை கொஞ்சம் கவனிக்க வேண்டிய போட்டியாளர். தருமபுரி அரியாகுளம் பக்கம் தோட்டமே இருக்கிறது, ஆனால் அங்கே பறிப்பு ஆடி வாக்கில். சித்திரைக்குக் கடையில் கிடைக்கும் உலர்ந்ததுதான் கதி. கொட்டை நீக்கிய 100 கிராமை அரை டம்ளர் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே அரைத்து, வெந்த துண்டில் சேர்க்க வேண்டும். நூறு கிராமில் சர்க்கரை 65 கிராம்போல இருக்கும். ஆளுக்கு 8 கிராம். நார்ச்சத்து ஆளுக்கு ஒரு கிராம் அளவுக்குக் கிடைக்கும். 90 கிராம் வெல்லத்தோடு ஒப்பிட்டால் லாபம் ஒன்றரை கிராம். அதற்காகப் பச்சடியின் பொன்னிறத்தை விட்டுக்கொடுத்து, பானிபூரிக் கடைச் சட்னி நிறத்தில் ஒன்றை இலையில் வைக்க வேண்டுமா? தோசைக்கு, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். வருடப் பிறப்புக்கு வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. செய்வதானால் சிறு தீயில், கை எடுக்காமல் கிளறுங்கள். பேரீச்சை விழுது அடியில் படிந்து தீய்ந்துவிடும்.

சர்க்கரை நோயாளிக்குத் தனிக் கிண்ணம்

சர்க்கரையை ஆளுக்கு 3 கிராம் அளவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் சர்க்கரை மாற்று இனிப்பு இல்லாமல் முடியாது. 30 கிராம் வெல்லம் நிறத்துக்கும் வாசனைக்கும். மிச்ச இனிப்பு வெளியிலிருந்து. சீனித்துளசி (ஸ்டீவியா), சுக்ரலோஸ் இரண்டும் கொதிக்கும் சூட்டைத் தாங்கும். அஸ்பார்டேம் தாங்காது, அடுப்பில் கொதித்தால் சிதைந்து இனிப்பு போய்விடும்.

முதல் இரண்டில் எது? வேப்பம்பூ போடாவிட்டால் எதுவானாலும் சரி. வேப்பம்பூ போட்டால் சுக்ரலோஸ். சீனித்துளசிக்கு நாக்கில் நின்று பேசும் அதிமதுரக் கசப்பு ஒன்று உண்டு. வேப்பம்பூ கசப்போடு சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியாமல் மருந்து குடித்ததுபோல் ஆகிவிடும். ஒரு பொட்டலம் எத்தனை ஸ்பூன் சீனிக்குச் சமம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு ருசி பாருங்கள். அதிகமானால் சரிசெய்ய வழியில்லை. உடல் எடை குறைக்க இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது; ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே வீடு முழுவதற்கும் இதையே செய்வதைவிட, வேண்டியவருக்குத் தனியாக எடுத்துவைப்பது மேல்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளி வீடுகளில் பெரும்பாலும் சில நாளோ சில வாரமோ முன்னதாகவே யுகாதிப் பச்சடி ஆகிவிடும். அது வேக வைக்காதது. மாங்காயோடு புளிக்கரைசலும் சேருவதால் புளிப்பு இரண்டு பக்கமும் ஏறி, வெல்லத்தையும் இழுக்கிறது. புளியை நெல்லிக்காய் அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுக்குக் குறையுங்கள். சடங்குக்கு அது போதும், வெல்லமும் பாதியாகும்.

பெங்களூரா, 90 கிராம்: செய்முறை

நாங்கள் தேர்ந்தெடுப்பது இதை. காம்பை நறுக்கிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவித் தோல் சீவுங்கள். கால் அங்குலக் கனத்தில் துண்டுகள். எவர்சில்வர் அல்லது மண்சட்டி எடுங்கள். இரும்புச் சட்டியில் புளிப்பு பட்டால் பச்சடி கறுத்துப்போகும், அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

200 மில்லி தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், கால் ஸ்பூன் உப்பு சேர்த்து மூடி, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். வெல்லம் குறைவான பச்சடியில் உப்பை விட்டால் சப்பென்று இருக்கும். கரண்டியால் அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும். அதற்கு முன் வெல்லம் சேர்த்தால் துண்டு அப்படியே இறுகி நிற்கும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் வேகாது. பெரும்பாலான வீடுகளில் பச்சடி நறுக்நறுக்கென்று இருப்பதற்குக் காரணம் இந்த அவசரம்தான்.

வெல்லத்தை எடை போடுங்கள். அச்சு வெல்லம் ஒன்றுக்கொன்று அளவு மாறும், டம்ளர் கணக்கு பொடியை அமுக்கினால் ஒன்று, தளர்வாக எடுத்தால் ஒன்று. 90 கிராமை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றி, நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இப்போது பச்சடி தண்ணியாகத் தெரியும். வெல்லம் குறைந்தால் பாகின் கெட்டியும் குறையும். இதைப் பார்த்துப் பயந்து இன்னொரு அச்சு வெல்லம் போடுகிறவர்கள்தான் அதிகம். மூன்றில் ஒரு பங்குத் துண்டைக் கரண்டிப் பின்புறத்தால் மசித்துவிடுங்கள். போதாவிட்டால் ஒரு ஸ்பூன் அரிசி மாவை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போக இரண்டு நிமிடம். கரண்டியிலிருந்து சொட்டாக விழாமல் பட்டையாக வழிந்தால் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும்.

ஒரு ஸ்பூன் நெய்யில் கடுகு, கிள்ளிய காய்ந்த மிளகாய் ஒன்று. வேப்பம்பூ அரை ஸ்பூனைத் தனியாக வறுத்து வைத்துக்கொண்டு, பரிமாறும்போது மேலே தூவுங்கள். முன்பெல்லாம் வெல்லம் மூடி மறைத்த கசப்பு இப்போது வெளியே தெரியும், ஊறினால் பச்சடி முழுக்க இறங்கும்.

ருசி பார்ப்பது வெதுவெதுப்பான பிறகு. இறக்கி ஒரு மணி நேரமாவது இருந்தால் வெல்லம் துண்டுக்குள் இறங்கி, புளிப்பு தணியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வாயில் வைத்தால் இனிப்பு மந்தமாகத் தெரியும். வெளியில் வைத்துச் சில்லிப்பு போன பிறகு பாருங்கள்.

வெல்லம் குறைந்த பச்சடி பழைய பச்சடிபோல் நாள்பட நிற்காது. சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் மதியச் சாப்பாடு வரைதான். ஃபிரிட்ஜில் இரண்டு நாள். அரிசி மாவு போட்டிருந்தால் இரண்டாம் நாள் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். கெட்டுப்போகவில்லை, ஒரு கொதி விட்டுக் கலக்கினால் சேர்ந்துவிடும். நுரை கட்டியிருந்தால் கொட்டிவிடுங்கள்.