லைசென்ஸைக் காட்டலாம், துப்பாக்கியைக் காட்டக் கூடாது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓட்டுப் போடப் போகிறவர் அடையாளத்துக்குத் தன் கைத்துப்பாக்கி லைசென்ஸை நீட்டலாம். ஏற்கப்படும் ஏழு வகை அட்டைகளில் அதுவும் ஒன்று. கல்லூரி மாணவர் அட்டைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் அதே துப்பாக்கி இடுப்பில் இருந்தால் வாக்குச்சாவடிக்குள் கால் வைப்பது குற்றம். காரில் பூட்டி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

துப்பாக்கிக்குப் பேர்போன மாநிலத்தில் இப்படியா என்று தோன்றும். அங்கே இந்தத் தடை 1870-லேயே வந்துவிட்டது. டெலவேர் அதற்கும் முந்தி: தேர்தலுக்கு யாரும் ஆயுதத்தோடு வரக் கூடாது என்று 1776-லேயே தன் அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தது. துப்பாக்கி உரிமையை வெகுவாக விரித்த, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022-ஆம் ஆண்டு ப்ரூயன் தீர்ப்பில்கூட, பழைய காலம் தொட்டே ஆயுதம் தடுக்கப்பட்ட இடங்கள் என்று சட்டமன்றம், நீதிமன்றத்தோடு வாக்குச்சாவடியையும் சேர்த்தே சொன்னார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். எப்படித் தடுப்பது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறுகிறது.

ஒரு வழி முழுத் தடை. டெக்சாஸ் அந்த வகை. ஜார்ஜியா வாக்குச்சாவடியைச் சுற்றி 150 அடிக்குத் தடை போடுகிறது. இந்தியாவும் இந்தப் பக்கம்தான், இன்னும் கறாராக. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134பி பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளில் சாவடிக்கு அருகே ஆயுதத்தோடு வந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆயுதம் பறிமுதல், லைசென்ஸும் ரத்து. பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கும் போலீசுக்கும் மட்டும் விலக்கு. போதாததற்கு, தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

(இதற்கு நேர் எதிர் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாகாணத்தில் ஏப்ரல் கடைசி ஞாயிறு திறந்தவெளியில் கூடி கை தூக்கி வாக்களிப்பார்கள். ஆண்களுக்கு இடுப்பு வாளே வாக்குரிமைச் சான்று. பெண்களுக்கு அங்கே ஓட்டு கிடைக்க 1990-ல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.)

இரண்டாவது வழி, வெளியே தெரியும்படி எடுத்து வருவதை மட்டும் தடுப்பது. கொலராடோ 2022-ல் 100 அடி எல்லை போட்டு இப்படித்தான் தொடங்கியது. அரைகுறைச் சட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் டெக்சாஸிலும் வாசலில் யாரும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மறைத்து வைத்த துப்பாக்கி இரண்டு இடத்திலும் உள்ளே போய்விடும். டெக்சாஸில் மாட்டினால் தண்டனை உண்டு, அவ்வளவுதான். வரிசையில் நிற்பவரை அச்சுறுத்துவது கண்ணுக்குத் தெரிகிற துப்பாக்கி. அதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கணக்கு.

மூன்றாவது, தனித் தடை எதுவும் வேண்டாம், மிரட்டினால் மட்டும் பிடிப்போம் என்பது. பென்சில்வேனியாவில் இதுதான் நிலை. பள்ளிக்கூடத்தில் சாவடி என்றால் பள்ளிக்கான சட்டம் துப்பாக்கியைத் தடுக்கும். அடுத்த தெரு தீயணைப்பு நிலையத்தில் சாவடி என்றால் தடையில்லை. ஓட்டு ஒன்று, நாள் ஒன்று, கட்டடம் மட்டும் வேறு!

இந்த வழியின் பலவீனம் 2020-ல் மிச்சிகனில் நன்றாகத் தெரிந்தது. ஏப்ரலில் துப்பாக்கி ஏந்தியவர்கள் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே போய் நின்றார்கள். அக்டோபரில் ஆளுநரைக் கடத்தப் போட்ட சதி அம்பலமானது. தேர்தல் பொறுப்பைக் கவனிக்கும் மாநிலச் செயலராக இருந்த ஜோஸ்லின் பென்சன், வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 அடிக்குள் துப்பாக்கியை வெளியே தெரிய எடுத்து வரக் கூடாது என்று உத்தரவிட்டார். விதி கொண்டுவரும் முறைப்படி வரவில்லை என்று பதினோரு நாளில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. மிரட்டல்தான் ஏற்கெனவே குற்றமாயிற்றே என்ற பதிலும் வந்தது. சரி, எது மிரட்டல்? சும்மா நிற்கிறேன் என்பவரிடம் சாவடி அலுவலர் என்ன சொல்வார்? எண்ணத்தை நிரூபிக்க வழக்கறிஞர் வேண்டும். 100 அடியை அளக்க டேப் போதும். அதனால்தான் எனக்கு அடிக்கணக்குச் சட்டம் பிடிக்கிறது.

எதிர்த் தரப்பின் ஒரு வாதத்தை மட்டும் தள்ள முடியவில்லை. காரில் விட்டுப் போகும் துப்பாக்கி திருடு போவது அமெரிக்காவில் சர்வசாதாரணம். சாவடிக்குள் தடை என்றால், துப்பாக்கியை எங்கே வைப்பது என்பதற்கும் சட்டம் பதில் சொல்ல வேண்டும்.

அடிக்கணக்கு எந்த இடத்திலிருந்து என்பதும் முக்கியம். அரிசோனாவில் வாக்குப்பதிவு நாளில் சாவடிக்குள் ஆயுதம் கூடாது. ஆனால் தபால் ஓட்டைப் போடுவதற்கான பெட்டி பல நாள் வெளியிலேயே நிற்கும். 2022 அக்டோபரில் மேசா நகரில் அப்படி ஒரு பெட்டியருகே இரண்டு பேர் ராணுவ உடுப்பு போன்ற கவசத்தோடு, ஆயுதமும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிகளைக் கண்காணிக்க ஆள் சேர்த்த அமைப்பின் மீது போட்ட வழக்கில் நீதிபதி முதலில் தடை தர மறுத்தார். நவம்பர் 1 அன்று, பெட்டியிலிருந்து 250 அடிக்குள் வெளியே தெரிய ஆயுதம் வேண்டாம் என்று உத்தரவிட்டார். அது அந்த அமைப்பையும் அதன் ஆட்களையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. வாக்குப்பதிவு நாளுக்கு அப்போது மிச்சம் இருந்தது ஏழு நாள்.