வீட்டுக்கடன் ஈஎம்ஐ கால்குலேட்டர்கள்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

வங்கித் தளங்களில் உள்ள ஈஎம்ஐ கால்குலேட்டர்கள் கணக்கில் தவறுவதில்லை. 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்று போட்டால் எல்லாமே ரூ.43,391 காட்டும். காட்டாவிட்டால் அது மாதாமாதம் குறையும் நிலுவைக்கு (இன்னும் பாக்கியுள்ள அசலுக்கு) மட்டும் வட்டி போடவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மாதாந்திரப் பட்டியல் தருவதையே தேர்ந்தெடுங்கள். முதல் தவணையில் 35,417 ரூபாய் வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது 7,974 மட்டும். முன்கூட்டிக் கட்டும் பணம் ஆரம்ப வருடங்களில் ஏன் அதிகம் மிச்சப்படுத்துகிறது என்பது இதைப் பார்த்தால்தான் உறைக்கும்.

பெரிய குறை, 20 வருடமும் ஒரே வட்டி என்று வைத்துக்கொள்வது. நம் கடன்களோ பெரும்பாலும் ரெப்போவோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதத்தோடு, ஏறி இறங்குபவை. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 9.5 ஆகி, தவணையை மாற்றாமல் விட்டால் 240 மாதம் ஏறத்தாழ 309 ஆக நீளும். அதனால் ஒரு சதவீதம் கூட்டி இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அந்தத் தவணையும் கட்ட முடிந்தால்தான் அந்தத் தொகைக்குக் கை நீட்டலாம்.

செயலாக்கக் கட்டணத்தைப் பல கால்குலேட்டர்கள் கேட்பதே இல்லை. அரை சதவீதம் என்றால் 25,000, ஜிஎஸ்டி சேர்த்து 29,500. கடனோடு ஒட்டிவரும் காப்பீட்டு பிரீமியம் தனி. இரண்டு வங்கிகளை ஒப்பிட ஈஎம்ஐ போதாது. கடனின் வட்டியையும் கட்டணங்களையும் சுருக்கிச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஏபிஆர் (கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதம்) எண்களை அருகருகே வையுங்கள். 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு (தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு) அந்த அறிக்கையைத் தருவது கட்டாயம்.