நடுகல் வலைப்பூவுக்கு உத்யம் பதிவு வேண்டுமா?

தர்மபுரிப் பக்கம் நடுகல், ஒகேனக்கல், மாந்தோப்பு என்று பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கு நாலு விளம்பரக் காசு வந்ததும் ஒரு குழப்பம்: உத்யமில் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதியலாமா, வெறும் பான் எண்ணோடு இருந்துவிடலாமா?

செலவு
பான் மட்டும்: ஒன்றுமில்லை.
உத்யம்: அரசுத் தளத்தில் அதுவும் இலவசம். பணம் கேட்டால் அது இடைத்தரகர் கூலி, அல்லது போலித் தளம்.

ஆயுள்
பான்: நிரந்தரம்.
உத்யம்: காலாவதி கிடையாது. ஆனால் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். பலர் இதை மறந்தே விடுகிறார்கள்.

பயன்
பான்: வருமானத்தைக் கணக்கில் காட்டப் போதும்.
உத்யம்: தொழில் பெயரில் நடப்புக் கணக்கு, கடன் என்று போனால் காட்ட ஒரு சான்றிதழ்.

வரி இரண்டுக்கும் ஒன்றுதான். விளம்பரப் பணமும் வருமானமே. உள்ளாட்சி வாங்கும் தொழில்வரியோ, அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை கிடையாது. வலைப்பூவைத் தவிர வேறு சம்பாத்தியம் இல்லாதவர் பலருக்கு அந்தக் கவலையே இல்லை.

நம் பாடு பரவாயில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2010இல், சொற்ப வருமானம் வந்த வலைப்பதிவர்களிடமும் தொழில் உரிமம் கேட்டது: ஆண்டுக்கு 50 டாலர், அல்லது ஆயுளுக்கு 300. சிலருக்கு எழுதிக் கிடைத்ததே அவ்வளவு இல்லை! பிறகு அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள்.

மாதம் சில நூறு ரூபாய் என்றால் பான் போதும். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு விளம்பரக் கட்டுரை எழுதி ரசீது கொடுக்கிற அளவுக்குப் போனால், உத்யம் எடுங்கள்.